தண்டுவட ஆய்வுக்குத் தயார்நிலை ஜெலட்டின் சைமோகிராம் ஜெல்: ஒரு மதிப்புரை

ஆக்ஸலாட்டல் என்னும் நீர்நில வாழ்வியின் தண்டுவடத்தை வெட்டினாலும் அது மீண்டும் வளர்ந்து இணைகிறது. அந்த வளர்ச்சியின்போது திசுவைச் சீரமைக்கும் எம்எம்பி (மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்) நொதிகள் அங்கே உற்பத்தியாகின்றன என்பதை 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இத்தகைய ஆய்வில் எம்எம்பி-2, எம்எம்பி-9 ஆகியவற்றைக் காண, ஜெலட்டின் கலந்தே வார்த்து விற்கப்படும் சைமோகிராம் ஜெல்லை, அதாவது புரதங்களை மின்புலத்தில் அளவுவாரியாகப் பிரித்து நொதியின் செயலைக் காட்டும் ஜெல்லை, எங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்திப் பார்த்தோம்.

மாதிரியை எஸ்டிஎஸ் என்னும் சோப்புப் பொருளோடு கலந்து, கொதிக்க வைக்காமல் ஜெல்லில் ஓட்டி, அந்த எஸ்டிஎஸ்ஸை நீக்க டிரைட்டான் கரைசலில் கழுவி, கால்சியம் உள்ள கரைசலில் 37 டிகிரியில் இரவு முழுவதும் வைத்துக் கூமாசி நீலச் சாயம் ஏற்றினால், நொதி ஜெலட்டினைத் தின்ற இடம் நீலப் பரப்பில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். வார்ப்பின் சீர்மையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையால் வார்க்கும் ஜெல்லில் ஜெலட்டின் சரியாகக் கரையாமல் விழும் திட்டுகள் இதில் இல்லை. கடுகளவு தண்டுவடத் துண்டிலிருந்து கிடைக்கும் சொற்பப் புரதத்துக்கும் பட்டை தெளிவாக விழுகிறது. விலைதான் அதிகம்.

கையேடு மனித நொதிகளின் மூலக்கூறு எடைகளை (எம்எம்பி-9க்கு 92, எம்எம்பி-2க்கு 72 கிலோடால்டன்) மட்டுமே தருகிறது. நீர்நில வாழ்விகளின் பட்டைகள் அதே இடத்தில்தான் விழும் என்று கொள்ள முடியாது என்பதால், ஜெல்லின் ஒரு கீற்றை வெட்டி உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்த கரைசலில் தனியாக வைப்பது நல்லது. அங்கே மறையும் பட்டைதான் உலோகத்தை நம்பி இயங்கும் நொதியுடையது.

பெரிய குறை இந்த நிறுவனத்துடையதன்று, முறையுடையது. எஸ்டிஎஸ், செயலற்ற முன்வடிவ நொதியையும் திறந்துவிடுகிறது. நொதியைக் கட்டிவைத்திருந்த டிம்ப் தடுப்புப் புரதத்தையும் பிரித்துவிடுகிறது. ஆகவே பட்டை பளிச்சென்று இருப்பதால் காயத்தில் அந்த நொதி வேலை செய்தது என்றாகிவிடாது. தண்டுவட ஆய்வில் இது சின்ன விஷயமல்ல: எம்எம்பி-9 இல்லாத எலிகளும், காயத்துக்குப் பின் முதல் மூன்று நாள் எம்எம்பி தடுப்பான் பெற்ற எலிகளும் நன்றாக மீண்டதாக 2002இல் ஓர் ஆய்வு சொன்னது, எம்எம்பி-2 இல்லாத எலிகள் குறைவாகவே மீண்டதாக 2006இல் இன்னொன்று சொன்னது. நொதி எப்போது, எந்த உயிரணுக்களின் அருகில் இயங்கியது என்பதே கேள்வியாக இருக்கும்போது, அரைத்த திசுவை ஓட்டும் இந்த ஜெல் இடத்தைச் சொல்லாது. உறைந்த வெட்டுத்துண்டின் மேல் ஒளிரும் ஜெலட்டினைப் பரப்பிப் பார்க்கும் முறையையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். 1962இல் கிராஸும் லாப்பியரும் தலைப்பிரட்டை வாலின் துண்டுகளைக் கொலாஜன் ஜெல்லின் மேல் வைத்து, அது கரைவதைப் பார்த்துத்தான் எம்எம்பி குடும்பத்தின் முதல் நொதியைக் கண்டார்கள் என்பதை நினைத்தால், திசுவையே ஜெல்லோடு சேர்த்துப் பார்ப்பது பழைய வழிதான்.

எம்எம்பி-2, எம்எம்பி-9 அளவை நாள்வாரியாக ஒப்பிட விரும்புவோர் தயங்காமல் வாங்கலாம். அதே குடும்பத்தின் எம்எம்பி-3 நொதியைத் தேடுவோருக்கு இது பொருந்தாது. அவர்கள் கேசீன் என்னும் பால் புரதம் கலந்த ஜெல்லைக் கேட்டு வாங்க வேண்டும்.