ஸ்க்விட்வர்டுக்காக வாங்கிய பெட்டி

கடலுக்கடியில் நடக்கும் ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூன் தொடரின் முதல் நூறு எபிசோடுகள் அடங்கிய டிவிடி பெட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் வாங்கியது ஸ்பாஞ்ச்பாபுக்காக இல்லை. அவனுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் ஸ்க்விட்வர்டுக்காக.

சின்ன வயதில் பள்ளி விட்டு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தத் தொடரைத்தான் பார்ப்போம். அப்போதெல்லாம் ஸ்க்விட்வர்டை அவன், இவன் என்றுதான் சொல்வோம். எப்போது பார்த்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், யாரையும் விளையாட விடமாட்டான், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது எனக்கு 34 வயது, ஒரு கடையில் பில் போடும் இடத்தில் 8 வருடம் நின்றிருக்கிறேன், போன மாதம் இந்தப் பெட்டி வந்ததும் முதல் டிஸ்க்கைப் போட்டால் வாயில் தானாக அவர் என்றுதான் வருகிறது. ஸ்பாஞ்ச்பாபை இன்னும் அவன் என்றுதான் சொல்கிறேன். இவரை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

சரி, முதலில் பெட்டி. 2009இல் வெளிவந்தது, முதல் ஐந்து சீசன்களும் இதில் இருக்கின்றன. பழைய ரசிகர்களுக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தொடரின் முதல் எபிசோடு, அதாவது ஸ்பாஞ்ச்பாப் க்ரஸ்டி க்ராப் உணவகத்தில் வேலைக்குச் சேரும் கதை, தனியாக வந்த முதல் சீசன் பெட்டியில் கிடையாது. அதில் வரும், டைனி டிம் என்ற பாடகர் பாடிய பாட்டின் உரிமைச் சிக்கல்தான் காரணம். இந்தப் பெட்டியில் அது இருக்கிறது. அந்த எபிசோடிலேயே ஸ்பாஞ்ச்பாபுக்கு வேலை கிடைத்துவிடக் கூடாதே என்று பதறுகிற முதல் ஆள் ஸ்க்விட்வர்ட்தான் என்பதால் எனக்கு அது கட்டாயம் வேண்டியிருந்தது. இன்னொன்று, இது அமெரிக்கப் பதிப்பு, ரீஜன் 1. இந்தியாவுக்கான டிவிடிகள் ரீஜன் 5, ஆகவே சாதாரண பிளேயரில் ஓடாது, எல்லா ரீஜனும் ஓடுகிற பிளேயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். படம் பழைய டிவி அளவில், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு தெரியும். எனக்கு அது பிரச்சினையே இல்லை.

இனி ஸ்க்விட்வர்டைப் பற்றி. தொடரை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் கார்ட்டூன் பக்கம் வருவதற்கு முன் கலிபோர்னியாவின் டானா பாயின்டில் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவர் உயிரினத்தை யோசித்துத்தான் தேர்ந்திருக்கிறார். ஸ்க்விட்வர்ட் என்ற பெயரில் ஸ்க்விட் இருந்தாலும் அவர் ஆக்டோபஸ்தான். ஆக்டோபஸுக்குத் தலை பெரிது, இவருக்கும் தான் பெரிய அறிவாளி என்ற நினைப்பு, அது பொருந்தும் என்பதுதான் ஹில்லன்பர்க்கின் கணக்கு. எட்டுக் கரங்கள் வரைந்தால் பார்க்க ரொம்பவும் நெரிசலாக இருக்கும் என்று இரண்டு கையும் நான்கு காலுமாக ஆறோடு நிறுத்திவிட்டார்கள். அப்புறம் இந்தப் பெயர்க் குழப்பம் ஆங்கிலத்தில் பார்க்கிறவர்களுக்குத்தான், நமக்கு இல்லை. நம் கடற்கரையில் ஸ்க்விட்டும் கணவாய்தான், ஆக்டோபஸும் பேய்க்கணவாய்தான், கணவாய் என்று கூப்பிட்டால் இரண்டும் சரி.

அவர் நடக்கும்போது உறிஞ்சான்கள் தரையில் ஒட்டிப் பிரிகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது வெந்நீர்ப் பையைத் தேய்த்து எடுத்த சத்தமாம். தெரிந்த பிறகு ஒவ்வொரு முறையும் காது அங்கேதான் போகிறது. குரல் கொடுப்பவர் ரோஜர் பம்பஸ், 1999இல் தொடங்கியதிலிருந்து அவரேதான். மூக்கால் பேசுகிற அந்த இழுப்பில் சலிப்பையும் ஏக்கத்தையும் ஒரே வரியில் வைத்துவிடுகிறார்.

வீடு ஈஸ்டர் தீவுச் சிலை மாதிரி ஒரு கல் தலை. ஒரு பக்கம் ஸ்பாஞ்ச்பாபின் அன்னாசிப்பழம், இன்னொரு பக்கம் அவன் நண்பன் பேட்ரிக்கின் பாறை, நடுவில் இவர். உள்ளே சுவர் முழுக்கத் தன்னையே வரைந்து மாட்டியிருப்பார். கிளாரினெட் வாசிப்பார், நன்றாக வாசிக்க மாட்டார். பகலில் க்ரஸ்டி க்ராபில் படகு மாதிரி இருக்கும் கவுண்டருக்குள் உட்கார்ந்து பணம் வாங்கிப் போடுவார். கலைஞனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு கேஷியராக உட்கார்ந்திருக்கிற ஒருவரைக் குழந்தைகள் பார்க்கிற தொடரில் நடுவீட்டில் வைத்திருக்கிறார்களே, அந்தத் துணிச்சலை நினைத்து இப்போதும் ஆச்சரியப்படுகிறேன்.

ஆனால் நான் இவரை விரும்புவது சலிப்புக்காக இல்லை. முதல் சீசனில் பீட்சா கொண்டுபோகும் கதை ஒன்று வரும். ஸ்பாஞ்ச்பாபும் இவரும் வழி தவறி, அலைந்து திரிந்து, பசியோடு பீட்சாவைத் தொடாமல் பாதுகாத்துக் கொண்டுபோய்க் கதவைத் தட்டுகிறார்கள். பீட்சா கேட்டிருந்த ஆள் குளிர்பானம் எங்கே என்று கேட்கிறான், அவன் அதைச் சொல்லவே இல்லை, திட்டிவிட்டு முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துகிறான். ஸ்பாஞ்ச்பாப் உடைந்து அழுகிறான். அதுவரை வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே வந்த ஸ்க்விட்வர்ட் ஒரு நிமிடம் அவனைப் பார்க்கிறார், பீட்சாவை எடுத்துக்கொண்டு போய் மறுபடி கதவைத் தட்டுகிறார், திறந்ததும் அந்த ஆளின் முகத்திலேயே எறிகிறார். திரும்பி வந்து ஸ்பாஞ்ச்பாபிடம், அந்த ஆள் ஒரே வாயில் சாப்பிட்டுவிட்டான் என்கிறார். குளிர்பானம் இல்லாமலா என்று பையன் கேட்கிறான். ஆமாம் என்கிறார். கவுண்டரில் நின்று வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியவர்கள் யாரும் அந்தக் கதவு இரண்டாவது முறை தட்டப்படுகிற இடத்தைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது. நான் மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

இரண்டாம் சீசனின் கிறிஸ்துமஸ் கதையும் அப்படித்தான். சான்டா வருவார் என்று ஊரையே நம்ப வைத்துவிட்டு, அவர் வராததால் ஸ்பாஞ்ச்பாப் அழுகிறான். முதலில் சிரித்த ஸ்க்விட்வர்ட் அப்புறம் தாங்க முடியாமல் சான்டா வேடம் போட்டு அவன் முன்னால் வந்து நிற்கிறார். அதைப் பார்த்து ஊர் முழுக்க வரிசையில் வந்துவிட, வேறு வழியில்லாமல் தன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து வீட்டைக் காலி செய்துவிடுகிறார். இரண்டு கதைகளையும் ஒரே வாரத்தில் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. இவர் நல்லது செய்யும்போதெல்லாம் அதை ஒரு பொய்க்குள் ஒளித்து வைக்கிறார். ஒன்றில் வாயால் சொன்ன பொய், இன்னொன்றில் வேடம். யாருக்காகச் செய்தாரோ அவனுக்குத் தெரியவே கூடாது. என் தாத்தா அப்படித்தான், பேரப்பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸைக் கட்டிவிட்டு யாரோ பழைய கடனைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து அதே அன்பு இவருக்குத் திரும்பி வருகிற எபிசோடுதான் 2001இல் வந்த பேண்ட் வாத்தியக் கதை. பழைய போட்டியாளன் ஸ்க்வில்லியம் வீம்புக்குக் கூப்பிட்டு, எனக்குப் பதிலாக பபிள் பவுல் என்ற பெரிய நிகழ்ச்சியில் உன் பேண்டை வாசிக்கச் சொல் என்கிறான். இவரிடம் பேண்டே கிடையாது. ஊர்க்காரர்களைத் திரட்டுகிறார், ஒத்திகை அடிதடியில் முடிகிறது, மனம் விட்டுப் போய் எழுந்து போய்விடுகிறார். அதன் பிறகு ஸ்பாஞ்ச்பாப் மற்றவர்களை உட்காரவைத்துப் பேசுகிறான். கடைசியில் அவர்கள் நிற்கிற கண்ணாடிக் கூண்டு மேலே எழும்பி, இவர் எதிர்பார்க்காத ஒரு ராக் பாட்டு கிளம்பி, ஸ்க்வில்லியம் மயங்கி விழ, ஸ்க்விட்வர்ட் சந்தோஷத்தில் துள்ளுகிறாரே, முழுத் தொடரிலும் அவர் முழுசாகச் சிரிக்கிற இடங்களில் அதுதான் எனக்கு முதல். மொத்தமே பதினோரு நிமிடம்தான். 2018 நவம்பரில் ஹில்லன்பர்க் இறந்தபோது, அந்தப் பாட்டை அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளையில் பாட வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2019இல் ஸ்க்விட்வர்டை ஒரு துணுக்காக மட்டும் காட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். 2024இல் நிக்கலோடியன் சேனல் தனியாக ஒளிபரப்பிய சூப்பர் பவுலின் தொடக்கத்தில்தான் அந்தப் பாட்டு கடைசியில் வந்தது.

குறை சொல்ல வேண்டிய இடம் நான்காம், ஐந்தாம் சீசன்கள். 2004 திரைப்படத்துக்குப் பிறகு ஹில்லன்பர்க் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகி, பால் டிபிட் கையில் தொடர் போனது. நல்ல எபிசோடுகள் அதிலும் உண்டு. ஆனால் ஸ்க்விட்வர்டை வைத்து எழுதும் விதம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. நான்காம் சீசனில் அவருடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வை ஸ்பாஞ்ச்பாபும் பேட்ரிக்கும் சேர்ந்து பாழாக்குகிற கதை இருக்கிறது. அதில் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, நிம்மதியாக இருக்க நினைத்தார், அதற்குப் போய் அவ்வளவு அடி. முன்பெல்லாம் அவர் கர்வத்தால்தான் விழுவார், அதனால் சிரிக்க முடிந்தது. இங்கே எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, பாதியில் நிறுத்திவிட்டேன். ஆகவே முதல் மூன்று சீசன்களுக்கு ஐந்துக்கு ஐந்து, மிச்சத்துக்கு மூன்று.

கடைசியாக, பழைய பெட்டியாக வாங்குகிறவர்கள் டிஸ்க்குகளை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டச் சொல்லிப் படம் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் விட்டேன். இரண்டாம் சீசனில் இவர் வீடு மாறி, தன்னைப் போன்றவர்கள் மட்டுமே வாழ்கிற அமைதியான குடியிருப்புக்குப் போய், சைக்கிள், டப்பா ரொட்டி, நடன வகுப்பு என்று ஒரே மாதிரி நாட்களில் அலுத்துப்போகிற கதை இருக்கிறதே, அதில் சரியாக அவர் பூங்காவில் அந்தக் காற்றடிக்கும் கருவியைக் கையில் எடுக்கிற இடத்தில் என் டிஸ்க் நின்றுவிடுகிறது. துடைத்துப் பார்த்தேன், வேறு பிளேயரிலும் போட்டுப் பார்த்தேன், நகரவில்லை. இரண்டாம் சீசன் தனிப் பெட்டியாகவும் வந்திருக்கிறது, அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.