ஐசியூ வாசலில் கிடைத்த மரியாதை

மதுரை மாட்டுத்தாவணி பக்கம் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனை. குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

மாமாவுக்குக் காய்கறி மார்க்கெட்டிலேயே இதயம் நின்றுவிட்டது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு தம்பி 108 வரும்வரை நெஞ்சை அமுக்குவதை விடவே இல்லை. எமர்ஜென்சியில் ஷாக் கொடுத்ததும் துடிப்பு திரும்பியது. அங்கே வேலை வேகம், அதில் குறையே இல்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது டியூட்டி டாக்டரம்மாவுக்காக. ஐசியூவுக்கு வெளியே நிற்கிறவர்களிடம் "சீரியஸ்தான்" என்பதைத் தாண்டி யாரும் பேசுவதில்லை. இவர் ஏபிஜி சீட்டையே கையில் கொண்டுவந்தார். ரத்தத்தில் அமிலமும் வாயுக்களும் எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்ட் அது; மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தால் சில நிமிடத்தில் வரும் சின்னத் தாள். பிஎச் என்ற வரியில் விரலை வைத்து, "இங்க பாருங்கண்ணே, 7.35லிருந்து 7.45 வரை இருக்கணும். மாமாவுக்கு 7.02" என்றார். இந்த நம்பர் குறையக் குறைய ரத்தத்தில் அமிலம் கூடுதல் என்று அர்த்தமாம்.

ரத்த ஓட்டம் நின்றால் ஆக்ஸிஜன் கிடைக்காத திசுக்களில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடும் உள்ளேயே தங்குகிறது. அந்த அமிலத்தில் இதயத் தசை கால்சியத்தைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல் சுருங்கும் பலத்தை இழக்கிறது, இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்து கொடுத்தாலும் முழுதாகக் கேட்பதில்லை. துடிப்பு வந்த பிறகும் பிபி ஏறாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாம்.

"அப்போ அமிலத்தை முறிக்க ஊசி போடலாமே?" என்று மச்சான் கேட்டான். சோடியம் பைகார்பனேட்டை முன்பெல்லாம் வழக்கமாகப் போடுவார்களாம். அது போட்டால் இன்னும் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும், செல்லுக்குள் அமிலம் கூடலாம். அதனால் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியது மாதிரி சில நிலைமைகளுக்குத்தான் இப்போது. மற்றபடி ரத்த ஓட்டத்தைச் சீராக்கி, வென்டிலேட்டரில் மூச்சைச் சரிசெய்தால் சேர்ந்த லாக்டேட்டை (அந்த லாக்டிக் அமிலத்தை)க் கல்லீரலே கரைத்துவிடும் என்றார். அப்படியே நடந்தது. மறுநாள் 7.31. சந்தோஷப்பட்டோம். "மூளை எப்படி இருக்குன்னு இந்த நம்பர் சொல்லாதுண்ணே, முழிக்கட்டும்" என்று அதையும் நேராகச் சொன்னார். மாமா முழித்துவிட்டார், பேசுகிறார்.

குறை பில்லிங்கில். ஒவ்வொரு ஏபிஜிக்கும் தனிக் கட்டணம் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் மொத்தமாகப் பார்த்தபோது பகீரென்றது. ராத்திரி உடனிருப்பவர்களுக்கு உட்கார நாற்காலிகூடப் போதவில்லை, வயசான அத்தை படியில்தான் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று. அந்த ஏபிஜி சீட்டு பஸ் டிக்கெட் மாதிரித் தாள், எழுத்து மங்கிவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லுங்கள், தருகிறார்கள்.