வெட்டிய ஓரத்தைக் காட்டும் கடை: வேலூரில் பிளைவுட் வாங்கிய அனுபவம்

வேலூரில் பிளைவுட் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் ஆசாரியோடுதான் போவார். கடையும் அவர் சொல்லும் கடை, பலகையும் அவர் கைகாட்டும் பலகை. அதில் அவருக்கொரு கமிஷன் உண்டென்பது ஊரறிந்ததே, அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. விடுமுறை நாட்களில் வீட்டு மரவேலைகளை நானே செய்துகொள்பவன் என்பதால், அளவு எழுதிய தாள் ஒன்றோடு தனியாகப் போய் நின்றபோது என்னையும் ஒரு வாடிக்கையாளராக மதித்துப் பலகையைப் புரட்டிக் காட்டிய கடையைப் பற்றியே எழுதுகிறேன். கடை காட்பாடிப் பக்கம் இருக்கிறது. குறைகளையும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

பலகை விஷயத்தில் நான் இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்த மழையின்போது எங்கள் தெருவிலும் நீர் புகுந்து, சமையலறையின் கீழ் அலமாரிகள் இரண்டு நாட்கள் கணுக்காலளவு நீரில் நின்றன. மரச்சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டில் செய்திருந்த அவற்றின் அடிப்பலகைகள் டீயில் தோய்த்த பொறையைப் போல உப்பி, கை வைத்த இடத்தில் உதிர்ந்தன. அதன் பிறகு நகரில் வேறொரு கடையில், நீர் தாங்கும் பலகையின் தர எண்ணான ‘710’ என்று மையால் அச்சிட்ட 19 மி.மீ. பிளைவுட் வாங்கினேன். நான்கு ஓரங்களிலும் செம்பழுப்பு வண்ணம் பூசியிருந்ததை அழகுக்கென்று நம்பிவிட்டேன். வீட்டில் அறுத்துப் பார்த்தபோது, உள்ளடுக்குகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெற்றிடங்கள் இருந்தன. கீல் வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ பிடிக்கவேயில்லை.

ஆகவே இந்தக் கடையில் நான் முதலில் கேட்டது விலையை அல்ல, வெட்டிய ஓரத்தை. கடைக்காரர் முகம் சுளிக்காமல், அன்று காலை வேறொருவருக்கு அறுத்த பலகையின் மீதித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் விலகாமலும் நெருக்கமாக இருந்தன. பசைக்கோடு கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. நீர் தாங்கும் பீனால் பசைக்கு அந்த நிறம்தான். வீட்டின் உலர்ந்த பகுதிகளுக்கான சாதாரண எம்.ஆர். பலகையில் யூரியா பசை வெளிறித்தான் இருக்கும். இருந்தாலும் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது என்று சொல்லி, ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே ஐ.எஸ். 710 என்ற எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னவரும் அவரே. அந்த உரிம எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டபோது, பலகையில் அச்சிட்டிருந்த நிறுவனத்தின் பெயரே வந்தது. முத்திரை இல்லாமல் வெறும் ‘710 கிரேடு’ என்று அச்சிட்டிருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை என்பதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எனக்குச் சில ஆயிரங்கள் மிஞ்சியிருக்கும்.

எனக்கு வேண்டியது ஏழடி உயரத்தில், மூன்றடி அகலத்தில், ஆறு தட்டுகள் கொண்ட ஒரு புத்தக அலமாரி. ஆழம் ஓரடி என்று எழுதியிருந்தேன். அறுக்கும் இயந்திரத்தில் நின்றிருந்த இளைஞர் தாளை வாங்கிப் பார்த்து, “சார், ஓரடின்னு வெச்சா நாலாவது பட்டை கிடைக்காது” என்றார். அவர் சொன்னது சரி. நான்கடி அகலப் பலகை 1220 மி.மீ.; ஓரடிப் பட்டைகள் நான்கிற்கே அது முழுவதும் போய்விடும், ஒவ்வொரு அறுப்பிலும் வாள் தின்னும் 3 மி.மீ.க்கு இடம் இருக்காது. ஆழத்தை 300 மி.மீ. ஆக்கினால் நான்கு பட்டைகளும் வந்து, 8 மி.மீ. மிச்சமும் இருக்கும். அடுத்து அவர் அகலத்தைக் கேட்டார். மூன்றடி அலமாரியில் தட்டின் நீளம் 876 மி.மீ.; ஏழடிப் பட்டையில் இரண்டு தட்டுகள்தாம் கிடைக்கும், ஆகவே இரண்டாவது பலகை வாங்கியாக வேண்டும். தட்டை 700 மி.மீ. ஆகக் குறைத்தால் பட்டைக்கு மூன்று தட்டுகள் வீதம் இரண்டு பட்டைகளில் ஆறும் வந்துவிடும். மற்ற இரண்டு பட்டைகள் பக்கப்பலகைகள். ஏழுக்கு நான்கு பலகை ஒன்றில் முழு அலமாரியும் முடிந்தது. தொய்வு நீளத்தின் நான்காம் மடியில் கூடும் என்பதால், ஒரே நெருக்கத்தில் புத்தகம் அடுக்கினால் என் பழைய அளவுத் தட்டு இதைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு தொய்ந்திருக்கும். ஒரு பலகை கூடுதலாக விற்கும் வாய்ப்பைத் தாமே கெடுத்துக்கொள்ளும் கடையை நான் இதற்குமுன் கண்டதில்லை.

விலை சதுர அடிக்கு 115 ரூபாய், 28 சதுர அடிக்கு 3220, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்ந்து 3800 ரூபாயை ஒட்டி வந்தது. நகரில் இதைவிட மலிவாகவும் கிடைக்கிறது. அறுப்புக் கூலி தனி. முதன்மை வாளுக்கு முன்னால் ஒரு சிறு வாள் கீறிக்கொண்டே போவதால் அடிப்பக்கம் சிம்பு பெயராமல் வருகிறது. கையில் பிடிக்கும் வட்டரம்பத்தில் எனக்கு இது ஒருபோதும் கைவந்ததில்லை.

மீதித் துண்டொன்றைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டம்மா மனமில்லாமல் தந்த பழைய அலுமினியச் சட்டியில் எட்டு மணி நேரம் கொதிக்கவைத்தேன். ஓரம் எங்கும் விரியவில்லை. 710 தரத்திற்கு 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பதால் என் சோதனையை முழுச் சான்றாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழைய ‘710’ துண்டு அதே சட்டியில் மூன்று மணி நேரத்திற்குள் புத்தகம் போல விரிந்துகொண்டது.

மற்ற பலகைகளையும் இங்கே வைத்திருக்கிறார்கள். பூஜை மாடக் கதவுக்கு எடுத்த, மரநாரை அழுத்திச் செய்யும் 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகை வண்ணம் பூச வழவழப்பாக இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் துளையிடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும், ஈரத்தையும் அது தாங்காது. உயரமான கதவுகளுக்கு, நடுவில் மரக்கட்டைகளை வைத்து ஒட்டிய பிளாக் போர்டுதான் எடை குறைவாகவும் வளையாமலும் இருக்கும் என்றார்கள். நான் இன்னும் வாங்கிப் பார்க்கவில்லை. பலகைகளைச் சுவரில் சாய்க்காமல் தரையிலிருந்து உயர்த்திப் படுக்கையாக அடுக்கியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் சாய்ந்து நிற்கும் பலகை வில்லாகிவிடும் ஊர் இது.

குறைகளுக்கு வருகிறேன். அறுத்த ஓரத்தை மூடும் மெல்லிய நாடாவான எட்ஜ் பேண்ட் ஒட்டும் இயந்திரம் இங்கில்லை. அறுத்த பட்டைகளை வேறிடத்திற்குச் சுமக்க வேண்டும், அல்லது இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நாமே உட்கார வேண்டும். அறுப்புக் கூலியை ரசீதில் சேர்க்க மறுத்துப் பணமாகவே வாங்குகிறார்கள். காலை பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன குட்டி யானை மாலை ஐந்துக்குத்தான் வந்தது. கயிற்றை இறுக்கிய இடத்தில் பக்கப்பலகை ஒன்றின் மூலை நசுங்கியிருந்தது. தொலைபேசியில் சொன்னபோது மாற்றித் தர இயலாது என்றார்கள். நசுங்கிய மூலையைக் கீழே திருப்பி, சுவரோரமாக வைத்து அலமாரியை முடித்துவிட்டேன். அடுத்த மாதம் சமையலறையின் கீழ் அலமாரிகளுக்கு இரண்டு பலகைகள் எடுக்க வேண்டும். அங்கேதான் எடுப்பேன், ஆனால் வண்டியில் ஏற்றும்போது மூலைகளில் வைக்கப் பழைய சாக்கு நான்கு என் கையோடு வரும்.