பிபி குறையுமா என்று கேட்டு விபாசனா போகிறவர்களுக்கு

பத்து நாள் விபாசனா, அதாவது பேசாமல் இருந்து செய்யும் தியான வகுப்பை, முடித்து வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பிபி குறைஞ்சுதா, தூக்கம் வருதா?" இதற்குக் காரணமே இந்த வகுப்புகளைப் பரப்பிய கோயங்காதான். 1924இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வியாபாரி, ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி வரை போய், 1955இல் விபாசனா கற்றுக்கொடுத்த ஊ பா கின்னிடம் வந்து சேர்ந்தார். அந்த ஊ பா கின் சாமியார் இல்லை, பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்தவர். தலைவலிக்காக என்றால் வர வேண்டாம் என்று முதலில் சேர்க்க மறுத்துவிட்டார். நாம் அதை விட்டுவிட்டு, பிறகு தியானத்தில் கோயங்காவுக்குத் தலைவலி போன பகுதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

சரி, வகுப்புக்கு வருவோம். கட்டணம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் ஏற்கெனவே முடித்தவர்களின் நன்கொடையில் நடக்கிறது. போனை வாங்கி வைத்துவிடுவார்கள், விடியற்காலை நாலு மணிக்கு மணி, கூட இருப்பவர்களோடு பேச்சு அறவே கூடாது. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும், அப்புறம் தலை முதல் கால் வரை உணர்ச்சிகளைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். பாதி நேரம் தாண்டியதும் முட்டி கெஞ்ச ஆரம்பிக்கும். கூடத்தில் ஒருவர் ஏப்பம் விட, பின்னாலிருந்து இன்னொருவர் பதில் ஏப்பம் விட, சிரிப்பை அடக்குவதே தனித் தவம். சாயங்காலம் புதியவர்களுக்குப் பொரி, பழம், டீ, அவ்வளவுதான். நான் போன இடத்தில் வெந்நீருக்கு வரிசை நிற்க வேண்டியிருந்தது, ஆசிரியரிடம் எந்தச் சந்தேகம் கேட்டாலும் "கவனியுங்கள், மாறும்" என்பதுதான் பதில்.

தூக்கம் நன்றாக வந்தது, உண்மை. ஆனால் போன் இல்லாமல், ராத்திரி வயிறு காலியாக, ஒன்பதரைக்குப் படுத்தால் யாருக்குத்தான் வராது? எனக்கு நிஜமாகத் தெரிந்த மாற்றம் வேறு: வலி வந்ததும் "ஐயோ, இது நிற்கவே நிற்காதா" என்று மனசு போடும் கூச்சல் குறைந்தது. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, அதற்கு எலும்பு டாக்டர்தான்.

இது மருத்துவத்துக்கு மாற்று இல்லை என்று அவர்களுடைய விதிமுறையிலேயே இருக்கிறது. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் ராத்திரிச் சாப்பாடு பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது, டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கீழே உட்கார முடியாதவர்கள் முதல் நாளே நாற்காலி கேளுங்கள், தருகிறார்கள்.