பாக்கெட்டை யாரிடம் கொடுப்பது: சிப்பிடமா, மென்பொருளிடமா?

வீட்டு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒருநாள் வீடியோ கால் திக்கித் திணறுகிறதே என்று ரவுட்டருக்குள் நுழைந்து, போகிற வருகிற தரவைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டேன். இணைப்பு தொடங்கும்போது வரும் முதல் சில பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், தெரிந்தன. அப்புறம் ஒன்றையும் காணோம். கால் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது: முந்தைய வாரம் வன்பொருள் ஃப்ளோ ஆஃப்லோடை டிக் செய்தது நானேதான். அதை இயக்கிவிட்டால், முதல் பாக்கெட்டுகளை மட்டும்தான் லினக்ஸ் பார்க்கும். இந்த இணைப்பு எங்கே போகிறது என்று முடிவானதும், மீதியைச் சிப்புக்குள் இருக்கும், முகவரி மாற்றி அனுப்பும் நேட் இயந்திரத்திடம் தள்ளிவிடும். பிறகு வருபவை சிபியு பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

வன்பொருளா மென்பொருளா என்று பேச்செடுத்தால் எல்லோரும் வேகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. கோளாறு வரும்போது உள்ளே பார்க்க முடியுமா, விதி மாறும்போது கூடவே மாற முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. சரி, வேகக் கணக்கையும் போட்டுவிடுவோம்.

கம்பியில் பாக்கெட்டைச் சுமந்து போகும் ஈதர்நெட் ஃபிரேமில் மிகச் சிறியது 64 பைட். அதற்கு முன்னால் போகும் 8 பைட், அடுத்ததற்கு முன் விடும் இடைவெளி 12 பைட், ஆக 84. 10 கிகாபிட் கம்பியில் இவை நொடிக்கு ஏறக்குறைய 1 கோடியே 48 லட்சம் வரும். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோ வினாடி. 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு (சிபியுவுக்குள் இருக்கும் ஒரு கணக்கிடும் அலகு) அது 200 சுழற்சி. சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷில் இல்லாத ஒன்றை எடுக்க ஒரே ஒருமுறை ராம் வரை போய்வந்தாலே அந்த நேரம் கரைந்துவிடும். 100 கிகாபிட்டில் கிடைப்பது வெறும் 20 சுழற்சி. பாக்கெட் 1500 பைட்டாக இருந்தால் நிலைமை வேறு: 10 கிகாபிட்டில் நொடிக்கு 8 லட்சம்தான், மூச்சு விடலாம். அதனால் யாராவது "எங்கள் பெட்டி 10ஜி தாங்கும்" என்றால், எந்த அளவு பாக்கெட்டில் என்று கேளுங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மென்பொருளை ஒதுக்கிவிட வேண்டாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வழக்கமான பாதை மெதுவாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அது எடுத்துக்கொள்ளும் சிரத்தை: நினைவகம் ஒதுக்குவது, விவரங்களை நிரப்புவது, ஒவ்வொரு அடுக்காக ஏற்றுவது. டிபிடிகே என்ற நிரல் தொகுப்பு கெர்னலையே ஓரங்கட்டிவிட்டு, "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று நெட்வொர்க் கார்டை இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல்முறை இதை ஓடவிடுபவர்கள் சிபியு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் பார்த்துப் பதறுவது உண்டு. ஒரு பாக்கெட்கூட வராத நேரத்திலும் கோர் 100 சதவீதம் காட்டும். மின்சாரக் கட்டணம் கட்டுபவருக்கு அது பிடிக்காது. 2016இல் லினக்ஸ் 4.8இல் வந்த எக்ஸ்டிபி வேறு வழி. கெர்னலுக்குள்ளேயே, டிரைவர் மட்டத்தில், மேலே ஏற்றும் முன்பே பாக்கெட்டை என்ன செய்வது என்று முடிவுசெய்யும். 2018இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில், ஒரே கோர் நொடிக்கு 2 கோடியே 40 லட்சம் பாக்கெட்டுகளைக் கையாண்டது. அது தூக்கி எறியும் வேலை மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் போலிப் பாக்கெட்டுகளைக் கொட்டி முடக்கப் பார்க்கும் டிடாஸ் தாக்குதலின்போது வேண்டியதே அதுதானே.

வரும் சுமையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர் விஷயத்தில் மென்பொருள் ஜெயித்தேவிட்டது என்பேன். கூகுளின் மேக்லெவ் 2008 முதல் சாதாரண லினக்ஸ் சர்வர்களில்தான் ஓடுகிறது. தனிப்பெட்டி வாங்கினால் ஒன்று வேலை செய்ய, இன்னொன்று மாற்றாகச் சும்மா உட்கார்ந்திருக்கும். மேக்லெவில் எல்லாச் சர்வர்களும் சுமை தூக்கும். போதாவிட்டால் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஃபேஸ்புக்கின் கத்ரானும் எக்ஸ்டிபி மேல் இதையே செய்கிறது.

வன்பொருளின் பலவீனம் எது என்று கேட்டால் 2014 ஆகஸ்ட் 12ஐச் சொல்வேன். பெரிய ரவுட்டர்கள் வழித்தடப் பட்டியலை டிகேம் என்ற தனி நினைவகத்தில் வைத்துத் தேடும். எல்லாப் பதிவுகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதால் அசுர வேகம். விலையும் சூடும் அப்படியே. ஆகவே அளவு குறைவு. அன்று இணையத்தின் வழித்தட எண்ணிக்கை 5,12,000ஐத் தாண்டியபோது, அதையே உச்சவரம்பாக வைத்திருந்த பழைய ரவுட்டர்கள் பல இடங்களில் தடுமாறின. மென்பொருள் ரவுட்டர் என்றால் இன்னும் கொஞ்சம் ராம் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்திருக்கும்.

அப்படியானால் மைக்ரோசாஃப்ட் ஏன் தன் கிளவுட் சேவையான அஸூரின் சர்வர்களில் எஃப்பிஜிஏ (உள்ளமைப்பை மாற்றி நிரலிடக்கூடிய சிப்) கார்டு பொருத்தியது? கோர் அங்கே விற்பனைச் சரக்கு. ஒரு கோரை வாடகைக்கு விட்டால் மணிக்குச் சுமார் 10 சென்ட் என்று அவர்களே 2018இல் எழுதினார்கள். பாக்கெட் தள்ளுவதற்கு நாலு கோரை ஒதுக்கினால் அத்தனையும் நட்டம். நிலையான சிப் செய்யலாம் என்றால், அது கைக்கு வருவதற்குள் தேவை மாறிவிடும். எஃப்பிஜிஏவை மறுபடி நிரலிட்டுக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், உள்ளே நடப்பது என் வீட்டு ரவுட்டரின் அதே தந்திரம்: இணைப்பின் முதல் பாக்கெட்டை மென்பொருள் பார்த்து முடிவெடுக்கும், மீதியைக் கார்டு கவனித்துக்கொள்ளும்.

சிப் வாங்கும்போது இன்னொரு கவலையும் சேர்ந்தே வரும். பேர்ஃபுட் நிறுவனத்தின் டோஃபினோ, நொடிக்கு 6.5 டெராபிட் வேகத்திலும், பாக்கெட்டைக் கையாளும் விதத்தை எழுதுவதற்கான பி4 மொழியில் நிரலிடக்கூடிய ஸ்விட்ச் சிப் என்று 2016இல் ஆரவாரமாக வந்தது. 2019இல் இன்டெல் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2023இல் அடுத்த தலைமுறைச் சிப்களை நிறுத்திவிட்டது. அதை நம்பி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

குறியாக்கத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையின் கணக்குக்கான கட்டளைகள் 2010 முதலே இன்டெல் சிபியுக்களுக்குள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கட்டளைகள் இல்லாத மலிவு ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டால் போதும். அதன் குறியாக்க முறையான சாசா20 தனி வன்பொருள் கேட்பதில்லை.

என் வீடியோ கால் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் யாரோ ஒருவர் ஃபோன் படங்களை பேக்கப் எடுக்கும்போதெல்லாம் அப்லோட் வரிசை நிரம்பி, காலின் பாக்கெட்டுகள் பின்னால் காத்துக் கிடந்திருக்கின்றன. அந்த வரிசையை ஒழுங்குபடுத்தத்தான் கேக் என்ற நிரலை ஏற்கெனவே போட்டிருந்தேன். ஆஃப்லோட் அதைச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டது. என் இணைப்பு 100 எம்பிபிஎஸ்தான். அதற்கு ரவுட்டரின் சிபியுவே தாராளம். ஆஃப்லோட் டிக்கை எடுத்துவிட்டேன்.