ஐநேச்சுரலிஸ்டா, ஈபேர்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் தோட்டத்து மக்களும் சேர்ந்து உயிரினங்களைப் பதிவு செய்ய, ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் என்ற இரண்டு செயலிகளில் எது தோது? நான் ஐநேச்சுரலிஸ்ட் பக்கம். செம்பனை மரத்தில் முளைத்த பெரணி, லயத்துச் சுவரில் ஒட்டிய பூச்சி, எதையும் படமெடுத்துப் போடலாம். பெயர் தெரியாதா? சரி, மற்றவர்கள் சொல்வார்கள். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவுக்கு ‘ஆய்வுத் தரம்’ என்ற தகுதி; மற்றவர்களும் பயன்படுத்த உரிமம் திறந்திருந்தால், உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஃப் உலகத் தரவுத்தளத்துக்கும் போகும். வீட்டருகே எடுத்த படமென்றால் மட்டும் இடத்தை மங்கலாக்கிவிடுங்கள்.

2002-இல் தொடங்கிய ஈபேர்டில் பறவைகள் மட்டுமே. படம் கட்டாயமில்லை, ஆனால் பறவையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், அடையாளம் கண்ட பறவை எல்லாவற்றையும் சேர்த்து முழுப் பட்டியல் கொடுத்தால் எது கண்ணில் படவில்லை என்பதும் தகவல்தான். எலியைப் பிடிக்கட்டும் என்று கூகை ஆந்தைக்குக் கூட்டுப் பெட்டி வைக்கும் தோட்டங்களில் அது சின்ன விஷயமல்ல.