480 வெள்ளி வாங்கிக்கொண்டு மாற்றாமல் விட்ட இக்னிஷன் சுவிட்ச்

தொழிற்பேட்டையிலுள்ள ஒரு கார் பட்டறையில் 480 வெள்ளியைப் பறிகொடுத்துவிட்டு, ஆத்திரம் அடங்காமல் இதை எழுதுகிறேன். வார இறுதியில் மட்டும் எடுக்கும் என் காரில் பேட்டரி அடிக்கடி இறங்கிவிடும். பட்டறைக்காரர் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். "அண்ணே, இக்னிஷன் சுவிட்ச் தேஞ்சுபோச்சு, சாவிய எடுத்த பிறகும் கரண்ட் ஓடுது" என்றார். அது சாவியைப் போட்டுத் திருப்பும் சுவிட்ச்; முதல் திருப்பத்தில் வானொலி, அடுத்ததில் எல்லா மின்சுற்றுகளும், கடைசித் திருப்பத்தில் எஞ்சினைக் கிளப்பும் மோட்டாரான ஸ்டார்ட்டரின் சோலனாய்டு என்ற மின்காந்த சுவிட்சுக்குச் சிறு மின்னோட்டம், அந்தச் சோலனாய்டுதான் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தமிழில், அத்தனை தெளிவாகச் சொன்னவரை நான் எப்படிச் சந்தேகிப்பேன்? புதிய இக்னிஷன் சுவிட்சுக்கு 300, காரை நிறுத்தியதும் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க அதன் நெகட்டிவ் முனையில் மாட்டிய கட்-ஆஃப் சுவிட்சுக்கு 180, ஆக 480 வெள்ளியை அங்கேயே செலுத்தினேன்.

இரண்டாம் வாரமே ஸ்டார்ட்டர் 'டக், டக்' என்றதோடு நின்றது. கட்-ஆஃப் சுவிட்சின் திருகைத் தொட்டால் கை சுட்டது. "நாளைக்கு வாங்கண்ணே" என்றார்கள். மறுநாள் போனால் முதலாளி இல்லை. பிறகு, மின்சாமான்களுக்கு உத்தரவாதமே கிடையாது என்றார்கள். அதற்குப்பின் என் குறுஞ்செய்திகளைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

வேறொரு மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பழைய சுவிட்ச் அப்படியே இருந்தது. பல வருடத் தூசி படிந்த அதன் திருகாணிகளில் ஸ்குரூடிரைவர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. மின்சாரத்தைக் குடித்தது டேஷ்கேம், அதாவது காரில் சாலையைப் படம்பிடிக்கும் கேமரா. அதன் வயரைச் சாவியோடு அணையும் இணைப்பில் கொடுக்காமல் நேரடி மின்சாரத்தில் கொடுத்திருந்ததால், நிறுத்திய காரில் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டிய ஓட்டம் 320 இருந்தது. என்னுடைய 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாள்கூடத் தாங்காது. வயரை மாற்றிக் கொடுக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. மலிவான கட்-ஆஃப் சுவிட்சின் தொடுமுனைகள் சரியாகப் பொருந்தாததால்தான் சூடேறியது என்றும் சொன்னார்.

விவரமாக எழுத மனநிலை இல்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். எந்த வயரில் எவ்வளவு ஓடுகிறது என்று ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பவே திருப்பாதீர்கள்; பேட்டரியை மின்னேற்றும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் எகிறி, காரின் கணினியைக் கெடுத்துவிடக்கூடும். ரசீதில் பாகத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் ரசீதில் "வயரிங் வேலை, 480 வெள்ளி" என்று மட்டுமே இருக்கிறது. அதையும் அந்தத் தூசி படிந்த திருகாணிகளின் படங்களையும் எடுத்துக்கொண்டு நாளை சிறு தொகை வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கப் போகிறேன்.